வாசலில் நின்றவனின் வசனம்

“அவ அவனை உள்ள விட மாட்டேங்கறா, மேடம்” என்றார் தணிகாசலம்.

வசனத் தாளை நீட்டினார்.

ஜெசிந்தா வாங்கிக்கொண்டாள். அவரைவிட இளையவள். வசனம் எழுதக் கற்றுக்கொள்ள அவர் தேடி வந்தது அவளிடம்தான்.

கோபித்துக்கொண்டு போன கணவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். மனைவி அவனை உள்ளே கூப்பிட வேண்டும். காட்சி அவ்வளவுதான். படித்துப் பார்த்த இயக்குநர், மனைவி நானாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன் என்றாராம். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் எழுதுவாராம்.

“எப்படி எழுதினீங்க, அண்ணே?”

கணவன் பேசுவதை எல்லாம் முதலில் ஒரே மூச்சில் எழுதினாராம். அழுகை வந்துவிட்டதாம். அப்புறம் டீ குடித்துவிட்டு வந்து, மனைவி பேசுவதை எழுதினாராம்.

அவருக்கு அது பழக்கம். டப்பிங் தியேட்டரில் தலை நரைத்தவர். அங்கே ஆளுக்கொரு நாள் வந்து தனித்தனியாகப் பேசிவிட்டுப் போவார்கள். எதிராளி பேசும் நேரம், இவருக்கு எச்சில் விழுங்கும் நேரம்.

“அவன் பேசறதை வாசிங்க.”

வாசித்தார். நல்ல குரல். பாவம், மன்னிப்பு, மழை, பாலைவனம் எல்லாம் வந்தன.

“பாலைவனம் எங்கண்ணே வந்துச்சு? இவன் அம்பத்தூர்லேர்ந்துதானே வர்றான்?”

அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

ஜெசிந்தா எழுந்துபோய், அறைக்கதவைப் பாதி திறந்து, அவரை வெளியே நிற்கச் சொன்னாள். அந்த மனைவியாகத் தான் குறுக்கே நின்றுகொண்டாள்.

“பல்லு வலி போச்சா?”

அவர் தாளில் தேடினார்.

“அது இதுல இல்லையே, மேடம்.”

மேடம் என்று யாரும் அங்கே இல்லாததுபோல் நின்றாள்.

தணிகாசலம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தொண்டையைச் செருமினார். எத்தனையோ நடிகர்களுக்குக் கொடுத்த குரல் இப்போது வரவில்லை. வேறொன்று வந்தது, மெலிசாக.

“பிடுங்கிட்டாங்க.”

“தனியாவா போனீங்க?”

“ம்.”

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“உனக்கு அந்த இருமல் விட்டுச்சா?”

ஜெசிந்தா கதவைவிட்டு விலகினாள்.

“செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க.”