சட்டத்தில் ஒரு பொட்டு

“இது படமா? மாடு மிதிச்ச சேறு!” என்று சொல்லிவிட்டு, ஓவியச் சேகரிப்பாளர் திருவேங்கடம் அடுத்த அறைக்குப் போனார். மாலை முழுக்க நுங்கம்பாக்கத்துக் கேலரிகளில் ஏறி இறங்கியவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை.

அன்று விற்காவிட்டால் அந்தப் படத்தைக் கழற்றிவிடுவதாகக் கேலரி முதலாளி சொல்லியிருந்தார். காவலாளி மரகதத்துக்கோ அது உயிர். விற்ற படத்துக்குச் சிவப்பு வட்டம் ஒட்டுவது அங்கே வழக்கம். மரகதம் தன் நெற்றிப் பொட்டை எடுத்துச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டினாள்.

திரும்பி வந்தவர் பதறினார். “எனக்கு முன்னாடி யாரும்மா இதை எடுத்தது?”

“படம் பார்க்கத் தெரிஞ்சவங்க ஐயா.”

“அப்போ எனக்குத்தான் வேணும்!” எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் செக்கை நீட்டிவிட்டு, “யாரு அந்த ஆளு?” என்றார்.

“நான்தான் ஐயா. அது என் பொட்டு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திருவேங்கடம் செக்கைத் திருப்பிக் கேட்கவில்லை. முதல்முறையாகப் படத்தை நிதானமாகப் பார்க்கத் தொடங்கினார். மரகதம் அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.