முப்பது கிலோ ஈயம்

"வேணும்னே பெடல்ல இருந்து காலை எடுத்தேன்னு எப்படிம்மா சொல்றீங்க? நீங்க என்ற காருக்குள்ளயா உக்காந்திருந்தீங்க? ... இல்லீங்க, நான் கத்தல. இன்ஜின் அடைச்சுதுங்க. அடைச்சா வண்டி சுணங்கத்தான் செய்யும். பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்தவரு பாத்து வரோணும்ல? ... என்னது? எல்லாருக்கும் தெரியுமா? எந்த எல்லாரும்? வரச் சொல்லுங்க, பாப்போம்!"

செங்கோட்டுவேல் போனை வெச்சாரு. வெச்சப்புறமும் வாய் நிக்கல. செவுத்தப் பாத்துத் திட்டிக்கிட்டு இருந்தாரு.

அம்பத்தோரு வயசு. கோயமுத்தூர்ல பம்ப்செட் கம்பெனி. முந்நூறு பேர் வேலை பாக்கற எடத்துல அவருக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. பதினாறு வருஷமா கார் ரேஸ் ஓட்டறாரு. நம்ம ரோட்ல ஓடற அதே கார்தான், சீட்டெல்லாம் புடுங்கிட்டு ரேஸுக்குன்னு திருப்பிக் கட்டினது. சாம்பியன் கப் மட்டும் கைக்கு வரவே இல்ல. நாளைக்கு இந்த வருஷத்துக் கடைசி ரேஸ். அதுல ஜெயிச்சா கப்பு.

அவருக்கு ஓட்டச் சொல்லிக் குடுக்கறவ தில்ஷாத். இருவத்தெட்டு வயசு, உக்கடத்து மெக்கானிக் மக. அதே கப்பை ரெண்டு தடவை வாங்கினவ. அவளை இவரு 'டீச்சர்'னு கூப்பிடுவாரு. கிண்டலுக்கு ஆரம்பிச்சது. இப்ப அதுல கிண்டல் இல்ல.

ரேஸ் மைதானத்து ஷெட்டுல அவரு காரோட பானெட்டை மூடிட்டு அவ கேட்டா, "யாருண்ணா போன்ல?"

"ஆல்வின் சம்சாரம்."

"கை எப்படி இருக்காம்?"

"மணிக்கட்டு. ரெண்டு எடத்துல."

"வலது கையா?"

"ம்."

"அவரு பல் டாக்டர்தானே?"

"தெரியும் டீச்சர். நீங்க வேற குத்தாதீங்க."

இந்தப் போட்டியில ஒரு சட்டம் உண்டு. ஒரு ரேஸ்ல ஜெயிச்சவன் அடுத்த ரேஸுக்கு முப்பது கிலோ ஈயத்தைக் கார்ல கட்டிக்கிட்டு ஓடணும். ரெண்டாவது வந்தா இருவது, மூணாவதுக்குப் பத்து. நாலாவதுக்கு ஒண்ணும் கிடையாது. ஒருத்தனே ஜெயிச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு வெச்சது.

நேத்து ரேஸோட கடைசிச் சுத்துல வேல்தான் முன்னாடி. நேர்ப் பாதையில திடீர்னு வேகம் செத்துப்போச்சு. வாலைப் புடிச்சு வந்த ஆல்வின் ஸ்டியரிங்கை ஒடிச்சாரு, மண்ணுல எறங்கி டயர் அடுக்குல போய் மோதினாரு. அந்தக் கேப்புல மூணு பேரு தாண்டினாங்க. வேல் நாலாவது. அப்படியும் புள்ளியில இவருதான் மேல. நாளைக்கு எடையும் இல்ல.

இது வேணும்னே பண்ணினதுன்னு ஆச்சுன்னா, நாளைக்கு ஓடவே விடமாட்டாங்க.

வேல் ஒரு டீயை வாங்கினாரு. குடிக்கல. ஆறிப்போனதும் கீழ ஊத்திட்டு இன்னொண்ணு வாங்கினாரு.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு ஜெயிக்கறதுக்காக இன்னைக்கு ஒருத்தன் பின்வாங்கினா, அது தப்பா? ஏவாரத்துல நான் தெனமும் பண்றேன். சின்ன டெண்டரை விட்டாத்தான் பெருசு கிடைக்கும்னா, விட்டுடறேன். யாரும் போன் பண்ணி அழுகறதில்ல."

அவ நிமிந்து பாத்தா.

"நான் பண்ணேன்னு சொல்லல," அப்படின்னாரு அவசரமா. "சும்மா கேக்கறேன்."

தில்ஷாத் ஷெட்டு மூலைக்குப் போனா. பத்துக் கிலோ ஈயக்கட்டி ஒண்ணை இடுப்போட அணைச்சுத் தூக்கிட்டு வந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டு இருந்த எடத்துல வெச்சு போல்ட்டு முடுக்கினா. போயி ரெண்டாவதையும் தூக்கிட்டு வந்தா.

"ஏனம்மிணி, என்ன பண்ற? நாலாவதுக்கு எடை கிடையாது!"

"தெரியும்ண்ணா."

"தெரிஞ்சு எதுக்கு மாட்டற?"

"இன்ஜின் அடைச்சுதுன்னீங்க. மத்தியானம் பூரா பிரிச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"சில நேரம் அப்படித்தான் ஆகும். மோட்டார் பத்தி எனக்குச் சொல்லித் தராதீங்க."

"சரி, நம்பறேன். அப்ப நேத்து ஜெயிக்க வேண்டியவரு நீங்கதான். இன்ஜின்தான் கெடுத்துச்சு."

"அதேதான்! அதைத்தானே கத்திக்கிட்டு இருக்கேன்!"

"ஜெயிக்கறவருக்கு முப்பது கிலோ. மூணாவதை எடுத்துக் குடுங்கண்ணா."

வேல் நகரல.

"இதோட ஓடினா கப்பு போயிடும்."

"போகலாம்."

"சட்டம் கட்டச் சொல்லல!"

"சொல்லல. நீங்க போன்ல சொன்னது உண்மைன்னா கட்டலாம். கழட்டணுமா, கழட்டறேன். எதுக்குக் கழட்டறேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நீ என்ன கழட்டறது? கார் என்றது. தள்ளு!"

ஸ்பேனரைப் புடுங்கிட்டு உள்ள மண்டி போட்டாரு. போல்ட்டு தலையில மாட்டினாரு. நழுவுச்சு. மறுபடி மாட்டினாரு, மறுபடி நழுவுச்சு.

அப்புறம் தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"காலை எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடியில பாத்தேன் டீச்சர். தூரமா இருக்காருன்னு நெனச்சுட்டேன்."

தில்ஷாத் அவரு கையில இருந்து ஸ்பேனரை மெதுவா வாங்கினா.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்கா கை உடஞ்சுது? நாளைக்கு எட்டு மணிக்கு டிரைவருங்க மீட்டிங். பதினெட்டு பேரும் இருப்பாங்க, ஆல்வின் கட்டுப் போட்ட கையோட உக்காந்திருப்பாரு. அத்தன பேரு முன்னாடி எந்திரிச்சு நின்னு சொல்லுங்கண்ணா. பெடல்ல இருந்து காலை எடுத்தது இன்ஜினா, நீங்களா?"