முடிச்சுப் போட்ட கொடி

“தாயே, எனக்கு ஒரு சிங்கம் வேணும்.”

கேட்டவர் பன்னிரண்டு ஊர்களுக்குத் தலைவரான சென்னியப்பர். அறுபது வயது. அவருடைய குரு பூவாத்தாளுக்கு அதில் பாதிதான் இருக்கும். கொடி தைத்துப் பிழைப்பவள்.

மறுநாள் தலைவர்கள் சபை. இந்த ஆண்டு முதல், சின்னம் பொறித்த கொடி இல்லாதவருக்கு அங்கே இடம் கிடையாது. அவருக்கு இடம் இல்லையென்றால் பன்னிரண்டு ஊருக்கும் ஆற்றுத் தண்ணீர் கேட்க ஆள் இல்லை.

ஏன் சிங்கம் என்று கேட்டாள்.

சென்னியப்பர் நெளிந்தார். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார். அவருக்கு மறதி அதிகம். அதனால் யாருக்கு வாக்குக் கொடுத்தாலும் மேல்துண்டின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார். வேலை முடிந்ததும் அவிழ்ப்பார். அதைப் பார்த்த மற்றத் தலைவர்கள் ‘முடிச்சுராயர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் தலையைக் கண்டாலே தங்கள் துண்டைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள். சிங்கத்தைப் பார்த்தாலாவது வாயை மூடுவார்கள்.

பூவாத்தாள் அவருடைய துண்டைக் கையில் எடுத்தாள். இரண்டு முடிச்சுகள் இருந்தன.

“சிங்கக் கொடிக்காரருக்கு இது எதுக்கு? அவிழ்த்துடலாம்.”

முதல் முடிச்சை அவிழ்த்தாள். சென்னியப்பர் தலையைச் சொறிந்தார். அது கிணற்றுக்குப் போட்டதாம். கிணறு வெட்டி மூன்று மாதம் ஆகிறது.

அடுத்த முடிச்சில் அவள் விரல் பட்டதுதான் தாமதம், பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதைத் தொடாதீங்க தாயே. குருவிக்காட்டுப் பாலம். இன்னும் கட்டலை.”

பிடித்த பிடியில் அவள் மணிக்கட்டு சிவந்துவிட்டது. பூவாத்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊசியை எடுத்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கொடி தயார். மஞ்சள் துணி. நடுவில் சின்னமாக ஒரு வெள்ளை மேல்துண்டு. அதில் ஒரே ஒரு முடிச்சு.

சென்னியப்பரின் முகம் சுருங்கிப் போயிற்று.

“சிரிப்பாங்களே.”

“யாரு? குருவிக்காட்டுக்காரங்களா?”

அவர் கொடியிலிருந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர், அங்கேயே நின்று மேல்துண்டின் நுனியில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

“அது எதுக்கு?” என்றாள் பூவாத்தாள்.

“தண்ணிக்கு.”