பின்னால் போன கடல்

பின்லாந்தில் மகள் வீட்டில் நாற்பது நாள் தங்கிவிட்டுப் பங்கிராஸ் ஊர் திரும்பினார். அவர் புளுகிலிருந்து அந்த நாடு தப்பித்தது, முத்தாரந்துறை மாட்டிக்கொண்டது.

அன்று மாதா கோயில் கமிட்டிக் கூட்டம். கடற்கரையில் நிற்கும் இருநூறு வருஷத்துக் கற்சிலுவையின் பீடத்தை அலை அரித்துவிட்டது. மழைக்கு முன் நகர்த்தாவிட்டால் குருசு கடலுக்குள் போய்விடும். ஊரில் மேடான இடம் ஒன்றே ஒன்று: பங்கிராஸின் தென்னந்தோப்பு மூலை. அதைக் கேட்கத்தான் கூட்டம். கொடுக்காமல் எழுந்து போகத்தான் அவர் வந்திருந்தார்.

“குருசை எதுக்குய்யா அசைக்கணும்? பின்லாந்துல பழசை எவனும் தொடமாட்டான். அங்க நடுக்கடல்ல ஒரு கலங்கரை விளக்கம். காலையில ஏற ஆரம்பிச்சேன். உச்சிக்குப் போறதுக்குள்ள தாடி நெஞ்சு வரைக்கும் வந்திருச்சு.”

“இறங்கும்போது சவரம் பண்ணிட்டீங்களாக்கும், அத்தான்?” என்றாள் எமில்டா. அவர் மனைவியின் தங்கை. மாதர் சங்கத் தலைவி. குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்தவள்.

பங்கிராஸ் கொழுந்தியாள் பக்கம் திரும்பவேயில்லை. “கோயிலுக்குக் கோயில் வாசல்ல மரத்துல ஒரு பிச்சைக்காரர் சிலை. நான் போனதும் தொப்பியைக் கழட்டி, ‘ஸ்தோத்திரம் அண்ணாச்சி, தூத்துக்குடிப் பக்கமா?’ன்னு கேட்டாரு.”

“உங்ககிட்ட காசு பெயராதுன்னு மரத்துக்கே தெரிஞ்சிருக்கு. அதான் ஊரை மட்டும் விசாரிச்சிருக்கு.”

கூட்டம் சிரித்தது. பங்கிராஸ் குரலை உயர்த்தினார்.

“கரையில கல்லை அடுக்கி வட்டவட்டமா ஒரு சுத்துப்பாதை. மீன்பிடிக்கப் போறவன் முதல்ல அதுக்குள்ள நடப்பான். பின்னாலயே வர்ற புயல் வழி தெரியாம உள்ளேயே கிடக்கும். நான் போன அன்னைக்கு மூணு புயல் கிடந்து அழுதுச்சு. ஒண்ணைக் கையைப் பிடிச்சு வெளியே கொண்டுவந்து விட்டேன்!”

“வீட்டுல அக்கா ஒரு சத்தம் போட்டா மட்டும் வாசலுக்கு ஓடுறீங்களே, அது ஏன்?”

“கடைசியாச் சொல்றேன், கேளுங்க. அங்க கடல் வருஷாவருஷம் பின்னால போகுது. கரையில கட்டின கோயில் இப்ப வயக்காட்டுல நிக்குது. ஒருத்தன் படகைக் கட்டிட்டுச் சாப்பிடப் போனான். வந்து பாத்தா, படகைச் சுத்தி உருளைக்கிழங்கு விளைஞ்சு கிடக்கு! கடல் பின்னால போன நாடு, அதனாலதான் ‘பின்’லாந்து. வெள்ளைக்காரன் தமிழ்ல வச்ச பேருய்யா! பொறுங்க, நம்ம கடலும் பின்னால போகும். குருசு அங்கேயே இருக்கட்டும்.”

பெயர்க்காரணத்தில் கூட்டம் அசந்துபோனது. இரண்டு பேர் தலைகூட ஆட்டினார்கள். பங்கிராஸ் துண்டை உதறித் தோளில் போட்டார். தோப்பு தப்பித்த மாதிரிதான்.

எமில்டா எழுந்தாள். கான்வென்ட்டில் பூகோளம் படித்தவள். “அத்தான் சொல்றது அத்தனையும் சத்தியம்,” என்றாள்.

அதிர்ந்துபோனவர் பங்கிராஸ்தான்.

“காலையிலதான் உங்க மக போன்ல சொன்னா. அங்க பின்னால போற தண்ணியெல்லாம் நேரா இங்கதான் வருதாம். ஐப்பசிக்குள்ள உங்க தோப்புல ஒரு மரம் மிஞ்சாதாம். அந்த மூலையில ஒரு குருசு நின்னா மட்டும் கடல் அதோட நிக்குமாம். அந்த ஊர் மரப் பிச்சைக்காரர் சொல்லிவிட்டாராம்.”

பங்கிராஸ் வாயைத் திறந்தார். அவள் சொன்னது பொய் என்றால் அவருடைய கடலும் பொய். மூடிக்கொண்டார். தோளில் போட்ட துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

“எத்தனை அடி வேணுமாம்?”

“பன்னிரண்டு,” என்றாள் எமில்டா. “இன்னொரு புளுகு விட்டீங்கன்னா பதினஞ்சு.”