மினி பைக்கும் ஒரு நட்டும்

"வண்டி சரியா இருக்குதான்னு நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லோணும் அம்மிணி" என்றார் பொன்னுரங்கம்.

"எதைங்கண்ணா பாக்கோணும்?" என்று கேட்டார் ரெஜினா.

"எல்லாத்தையும்."

இங்கே சீடர் பொன்னுரங்கத்துக்குத்தான் வயது அதிகம். அறுபதைத் தொடப் போகிறார். குரு ரெஜினாவுக்கு முப்பது தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பார். சாயந்திரமானால் சிங்காநல்லூரில் தன் வீட்டு போர்ட்டிகோவில் பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

பொன்னுரங்கம் ஜவுளிக்கடையில் இருப்பவர். முதலாளி இல்லை, சேலை விரித்துக் காட்டுபவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சேலையை விரித்துவிட்டு எதிரே இருப்பவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் தலையாட்டினால் நல்ல சேலை. இல்லாவிட்டால் மடித்து வைக்க வேண்டியதுதான்.

அந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. சாம்பாரில் உப்பு சரியா என்பதைக்கூடத் தன் நாக்கைக் கேட்கமாட்டார், மனைவி ருக்குமணியைக் கேட்பார்.

மினி பைக் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இடுப்பளவு உயரம்கூட இல்லை. வயரையெல்லாம் எலி கடித்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்பப் பூட்டினார். ஒருவர் உட்காரும் வண்டியை, சட்டத்தை நீட்டி வெல்டிங் வைத்து, இருவர் உட்காரும்படி செய்தார். மாம்பழ மஞ்சள் அடித்து, அரக்கு நிறத்தில் பார்டர் இழுத்தார். சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க சாரி கார்டு மாட்டினார். இந்தக் கலர் விஷயத்திலும் சாரி கார்டு விஷயத்திலும் மட்டும் அவர் யாரையும் கேட்கவில்லை.

மற்றதற்கெல்லாம் ரெஜினாவிடம் ஓடினார்.

கார்புரேட்டர் சரியா? ரெஜினா தலையாட்டினார். பிரேக்? ஆட்டினார். செயின்? அதற்கும் ஆட்டினார். குருவுக்குக் கழுத்து வலி வராதது அதிசயம்.

இப்போது மொத்த வண்டியையும் பார்க்கச் சொல்கிறார்.

"நீங்க ஓட்டிப் பாக்கலீங்களா?"

"தனியா ஓட்டுனேனுங்க. நல்லாத்தான் ஓடுது. ஆனா பின்னால ருக்குமணி உக்காரோணும். அவளுக்கு ஒண்ணுன்னா நான் தாங்கமாட்டேனுங்க."



ருக்குமணியோ வண்டி வந்த அன்றே முடிவு செய்துவிட்டார். இருகூரில் தங்கை வீட்டுக்கு இதில்தான் போக வேண்டும். "கரடி ஓட்டுற சர்க்கஸ் வண்டி" என்று சிரித்த தங்கை கணவர் வாசலில் நிற்கும்போது போய் இறங்க வேண்டும். வருகிற ஞாயிறு என்று நாளும் குறித்தாயிற்று.

ரெஜினா வந்தார். வண்டியை ஒருமுறை சுற்றினார். பக்கத்தில் குனிந்தார். நிமிர்ந்தபோது உள்ளங்கையில் ஒரு நட்டு இருந்தது.

"இது இந்த வண்டியில எங்க இருக்கோணும்?"

பொன்னுரங்கத்தின் முகம் வெளுத்தது.

"எங்கீங்க அம்மிணி?"

"நான் உங்களையில்ல கேட்டேன்?"

நட்டை அவர் கையில் வைத்தார். ருக்குமணி கொடுத்த காப்பியைக் குடித்தார். போய்விட்டார்.

ஞாயிறு வந்தது. வண்டி தரையெல்லாம் பிரிந்து கிடந்தது. ருக்குமணி பஸ்ஸில் போனார்.

சாயந்திரம் திரும்பி வந்தவரிடம், பிரித்துப் போட்ட சாமான்களின் நடுவிலிருந்தே கேட்டார் பொன்னுரங்கம்.

"சகலை ஏதாச்சும் கேட்டாரா?"

"கேட்டாரு. வண்டிக்கு மேலுக்குச் சுகமில்லைன்னு சொன்னேன்."

"கோவமா புள்ள?"

"உங்க அம்மிணியைக் கேட்டுட்டு வாங்க, நான் கோவப்படலாமான்னு."

அது சுருக்கென்று தைத்தது. தைத்தாலும் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

நட்டை ஒவ்வொரு போல்ட்டிலும் வைத்துப் பார்த்தார். சிலவற்றில் நுழையவே இல்லை. சிலவற்றில் அழகாக ஏறியது. ஆனால் அங்கேயெல்லாம் பூட்ட வேண்டிய நட்டு ஏற்கெனவே இருந்தது.

கடை முடிந்து வந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டினார். முதலில் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை முறுக்கிப் பார்த்தார். போகப் போக ஒரு தடவையே போதுமென்றாயிற்று. எந்த போல்ட் எவ்வளவு முறுக்கினால் நிற்கும் என்று விரலுக்கே தெரிந்துவிட்டது. பின்சீட்டின் கீழே வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார். சீட்டின் மேல் ஏறி நின்று குதித்தும் பார்த்தார். வண்டி முனகக்கூட இல்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

எல்லாம் பூட்டியாயிற்று. அந்த ஒரு நட்டு மட்டும் மிஞ்சியது.

அதை எடுத்துக்கொண்டு ரெஜினாவின் வீட்டுக்கு நடந்தார்.

"இதுக்கு என் வண்டியில எடமில்லீங்க."

"எங்கயுமேவா?" ரெஜினா ஏதோ ஒரு கிளட்ச் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கயுமே இல்லீங்க."

"பின் சக்கரத்து அச்சுல பாத்தீங்களா?"

"ரெண்டு பக்கமும் இருக்குது."

"சீட்டுக்கு அடியில ஒண்ணு விட்டுப் போயிருக்கும்."

"விட்டுப் போகலீங்க. நாலையும் நான்தான் முறுக்குனேன்."

"எஞ்சின் கட்டுற எடத்துல?"

"அங்கயும் கெட்டியா இருக்குதுங்க."

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டினார்.

"எதுக்கும் நான் ஒருக்கா வந்து பாத்தர்றேன்."

"நீங்க எதுக்குங்க பாக்கோணும்?" என்று வெடித்தார் பொன்னுரங்கம். "அதான் நான் பாத்துட்டேனில்ல!"

தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

பொன்னுரங்கம் வாயைத் திறந்தபடியே நின்றார். இப்படி ஒரு வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ரெஜினா செருப்பைக் கழற்றினார். பொன்னுரங்கத்தின் கையிலிருந்த நட்டை வாங்கினார். பக்கத்திலிருந்த தன் சாமான் டப்பாவைத் திறந்தார். உள்ளே அதே அளவில், அதே போல நிறைய நட்டுகள் கிடந்தன. அவற்றோடு இதையும் போட்டு மூடினார்.

பொன்னுரங்கம் டப்பாவைப் பார்த்தார். ரெஜினாவைப் பார்த்தார்.

"இருகூர் ரோட்டுல பள்ளம் சாஸ்திங்கண்ணா" என்றார் ரெஜினா. "அக்காவைக் கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லுங்க."