பின்னால் நட்ட கொடிகள்

தமிழ்நாட்டிலிருந்து அண்டார்க்டிகா பனிக்கண்டத்துக்குப் போன முதல் பெண் என்று செண்பகவல்லிக்குப் பெயர். சொந்த ஊர் கோவில்பட்டி. அங்கே ஐஸ் என்றால் குச்சியில் விற்பது மட்டும்தான். அவர் மூன்றாம் முறை போனபோது, பனியில் நடக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள டாக்டர் ஜெசிந்தாவும் உடன் போனாள்.

"முதல் ஆளா நடக்கிறது எப்படிக்கா இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நாளைக்கு நீயே முன்னால நட."

முன்னால் நடப்பவருக்கு ஒரு வேலை உண்டு. இருநூறு எட்டுக்கு ஒரு மூங்கில் குச்சியை ஊன்ற வேண்டும். அதன் தலையில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். திரும்பி வர அதுதான் வழி.

ஜெசிந்தா கொஞ்ச நேரம் ஒழுங்காக நட்டாள். கனத்த கையுறையோடு குச்சி ஊன்றுவது லேசான காரியமல்ல. வெயில் பளிச்சென்று அடித்தது. திரும்பிப் பார்த்தால் தன் காலடித்தடம் கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. தடம் இருக்கையில் கொடி எதற்கு என்று, ஒன்று விட்டு ஒன்றுதான் நட்டாள். யாரும் ஏறாத குன்று ஒன்று எதிரே இருந்தது. மதியத்துக்குள் அதன் உச்சியைத் தொட்டுவிட அவளுக்கு ஆசை.

செண்பகவல்லி வெகுவாகப் பின்தங்கி வந்தார். பாவம், வயதாகிவிட்டது என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள்.

உச்சியைத் தொட்டு இருவரும் இறங்கும்போது காற்று கிளம்பியது. தடமெல்லாம் அழிந்துபோயிற்று. பனித்தூளில் இருநூறு எட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கூடாரத்தைத் தவறவிட்டால் உடம்பு விறைத்துச் சாக வேண்டியதுதான்.

ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா நின்றுவிட்டாள்.

"அக்கா, அடுத்த கொடி இருக்காது. நான் நடல."

"நட," என்றார் செண்பகவல்லி.

நடந்தார்கள். மங்கலாகச் சிவப்பு தெரிந்தது. அவள் விட்ட இடத்தில் ஒரு கொடி நின்றது. அதற்கு அடுத்து விட்ட இடத்திலும் நின்றது. கூடாரம் வரை ஒன்றுகூடக் குறையவில்லை.

உள்ளே வந்ததும் ஜெசிந்தா அழுதாள். உயிரோடு இருக்கிறோம் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. செண்பகவல்லி ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பனியை உருக்கினார்.

"அப்பவே ஏன்கா திட்டல?"

"முதல் தடவை வந்தப்போ நானும் ஒண்ணு விட்டு ஒண்ணுதான் நட்டேன். பின்னால வந்தவர் காதர் பாய். சமையலுக்கு வந்தவர். விட்டதையெல்லாம் அவர் நட்டுட்டு வந்தார். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. பேப்பர்ல என் பேர் மட்டும்தான் வந்தது."

"அவருக்கு நன்றி சொன்னீங்களா?"

"அப்போ வாய் வரல. ஊருக்குப் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அவர் காலமாயிட்டார்."

செண்பகவல்லி டீயை ஊற்றி ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

"இன்னைக்குக் காலைலதான் சொன்னேன். உன் பின்னால நடந்தப்போ."