பூவாயி கல்

ராக்கு விரல் நோக நோக துப்பாக்கி விசைய இழுத்தா. சுடல.

"ரெண்டு கையாலயும் இழு தாயி," அப்படின்னாரு தில்லையாசாரி.

இழுத்தா. பாறைய இழுக்குற மாதிரி இருந்துச்சு.

ஆசாரி சிரிச்சுக்கிட்டே துப்பாக்கிய வாங்குனாரு. அவரு விரல்ல கருப்பா ஒரு காந்தக்கல் மோதிரம். கை பிடியில பட்டதும் உள்ள எதுவோ மெல்ல நகர்ந்துச்சு. அடுத்த நொடி, ஓடைக்கரைப் பனையில தொங்குன கொட்டாங்குச்சி தூளாப் போச்சு. துப்பாக்கி செய்யுற தெரு அது. வெடிச் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

மோதிரத்தக் கழட்டி அவ விரல்ல மாட்டிவிட்டாரு. "இப்பத் தொடு."

தொட்டா. பிடிக்குள்ள அதே அசைவு. தூங்குற குழந்தை பேரச் சொன்னதும் புரண்டு படுக்குமே, அப்படி. ராக்குக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இரும்புக்கு ஆள் தெரியுது. இன்னார் தொட்டா முழிக்குது, மத்தவங்க தொட்டா தூங்குது. கருமலைப் பாளையத்துல அவ வாய்க்குப் பயப்படாத ஆளு கெடையாது.

அந்த வாய் இப்பக் கெஞ்சுச்சு. "இத எங்க அக்கா வீட்டுக்குக் குடுங்க."

ஆசாரி துப்பாக்கியத் துணியில சுத்தி, கரி மூட்டைக்கு அடியில சொருகுனாரு. "முடியாது தாயி. முடியாமப் பண்ணுனவளே நீதான."

அக்கா சிட்டம்மா வீட்டுல, காட்டுப்பன்னி விரட்ட ஒரு துப்பாக்கி சுவத்துல தொங்கும். அக்காவோட மூத்த பொண்ணு பூவாயி அத எடுத்து விளையாடுனா. அது வெடிச்சு அன்னைக்கோட போயிட்டா. ராக்கு பாளையக்காரர் வாசல்ல போய் நின்னு, தொண்டை கிழியக் கிழிய வாதாடி ஒரு ஆணை வாங்குனா. இப்படி ஆளோட கை தெரிஞ்சு முழிக்கிற துப்பாக்கி என்னைக்கு ஒரு பட்டறையவிட்டு வெளிய போகுதோ, அன்னையில இருந்து வேற துப்பாக்கிய யாரும் செய்யக் கூடாது, விக்கக் கூடாது. அத தெருமுனையில கல்லுல வெட்டி நட்டாங்க. மேல பூவாயி பேரு, கீழ ஆணை. ஜனங்க அதுக்குப் பூவாயி கல்லுன்னே பேரு வச்சுட்டாங்க.

வருசம் ஓடிப்போச்சு. அப்படி ஒரு துப்பாக்கியும் வெளிய வரல. சிட்டம்மாவோட அடுத்த பிள்ளை சின்னான் இப்ப முக்காலி ஏறக் கத்துக்கிட்டான். துப்பாக்கி அதே சுவத்துல, கொஞ்சம் ஒசரத்துல. இறக்குனா கிழங்குக் காடு பூரா பன்னிக்குத்தான்னு மச்சான் சொல்றாரு.

"செய்யணும்னுதான ஆசாரி நான் கல்லு நட்டேன்?"

"இது ஒண்ணு வாசலத் தாண்டட்டும். தெருவுல இருக்குற அத்தன உலையும் அணையணும். என் மச்சினன் உலையும் அதுல சேத்தி. நான் இதச் செய்யுறேன்னு காதுல விழுந்ததுக்கே என் துருத்தியக் கிழிச்சுப் போட்டுட்டானுங்க. வாங்குறவனும் மெரளுறான். மழையில நனைஞ்சா இது முழிக்குமா முழிக்காதான்னு அவனுக்குத் தெரியாது. பழகுனதையும் புடுங்கிருவாங்கன்னா சும்மா இருப்பானா?"

"பேராசை புடிச்ச தெரு."

"வயிறு இருக்குற தெரு," அப்படின்னாரு ஆசாரி. மோதிரத்தக் கேட்டு வாங்கி இடுப்புல முடிஞ்சுக்கிட்டாரு.

மறுநாள் விடியுறப்பவே ராக்கு மலையேறுனா. மேல இருக்குறது பூரணத்தம்மா மடம். ராக்கு அங்க சேந்து ரொம்ப நாளாச்சு. கீழ எறங்குறது சண்டை போட, மேல ஏறுறது மூச்சு வாங்க.

பூரணத்தம்மா மொறத்துல கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

"நல்லதுக்குச் சட்டம் போட்டா அது தப்பாம்மா?"

"தண்டக் கீழ போடு. எலைய மொறத்துல போடு."

ராக்கு எலையப் பிச்சுப் போட்டுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டுனா. "அந்தத் தெருவையே நிக்க வச்சு அடிக்கணும்மா."

"அடிச்சா செய்வாங்களா?"

"செஞ்சுட்டாரும்மா. செஞ்சதக் கரிக்கு அடியில பொதச்சு வச்சிருக்காரு. என் கையால தொட்டேன்."

அம்மா கீரைய ஓரமா வச்சுட்டு எந்திரிச்சுப் போய் மணியடிச்சாங்க.

அன்னைக்கு அமாவாசை. அமாவாசைக்கு அமாவாசை மடத்து அங்கப்பன் பகல் பூரா வாயத் தொறக்க மாட்டான். யாரும் அவனச் சொல்லல, அவனாப் புடிச்சுக்கிட்ட விரதம். மொதல்ல சிரிச்சவங்க, போகப் போக அவனச் சுத்தி மெதுவா நடக்க ஆரம்பிச்சாங்க. சமையல்கட்டு உலகம்மா அவன் கேக்காமலே மோரு கொண்டாந்து வைப்பா. போன அமாவாசைக்கு ராக்குவே அவன் பக்கத்துல போய் உக்காந்தா. உச்சி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. மூங்கில் ஒண்ணோட ஒண்ணு ஒரசுறது, எறும்பு சருகு மேல போறது, கீழ பாளையத்துல யாரோ மாட்டுக்குத் தண்ணி காட்டுறது எல்லாம் கேட்டுச்சு. இத்தன நாளும் என் சத்தத்துலயா இதெல்லாம் முங்கிக் கெடந்துச்சுன்னு மலைச்சுப் போனா. அடுத்த தடவை நாங்களும் உக்காருறோம்னு இன்னும் சிலரு சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

மணிச் சத்தம் கேட்டு எல்லாரும் கூடுனாங்க. அம்மா சொன்னாங்க, "பேசாம இருக்குறது நல்லது. அதனால ஒரு சட்டம் போடுறேன். என்னைக்கு ஒருத்தர் இங்க ஒரு பகல் பூரா பேசாம இருந்து முடிக்குறாங்களோ, அன்னையில இருந்து மடத்துல யாருமே பேசக் கூடாது. எப்பவுமே."

சொல்லிட்டுக் கீரைக்குப் போயிட்டாங்க.

எல்லாரும் அங்கப்பனத் திரும்பிப் பாத்தாங்க.

"தம்பி, இன்னைக்கு உப்பு போதுமான்னு நீதான் சொல்லணும்," அப்படின்னு உலகம்மா மொத ஆளா ஆரம்பிச்சா. மோரு வரல. ஒருத்தன் அவன் காதுக்குள்ள பாட்டத் தப்புத் தப்பாப் பாடுனான். "ஒங்க அப்பாரு மலையேறி வந்திருக்காருடா, மூச்சு வாங்க நிக்கிறாரு," அப்படின்னான் இன்னொருத்தன். அடுத்த தடவை உக்காருறேன்னு சொன்னவங்கதான் ரொம்பத் துள்ளுனாங்க.

அங்கப்பன் அசையல. கண்ணு மட்டும் ஒவ்வொருத்தரா பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுல கோவம் இல்ல. அவன் மேல ஈ ஒக்காந்து எந்திரிச்சுச்சு. ஒரு மனுசனால இப்படியும் இருக்க முடியுமான்னு ராக்கு தூரமா நின்னு பாத்தா.

வெயில் சாஞ்சுச்சு. மலை நெழலு மடத்து மதிலத் தொட்டுச்சு. இவன் முடிச்சுருவான் போல.

முடிச்சுட்டா? பேசாம நான் எப்படி இருக்குறது? அந்தத் தெருவ யாரு கேள்வி கேக்குறது? பூவாயிக்காகப் பேச என்னவிட்டா யாரு இருக்கா?

ராக்கு அவன் பின்னாடி போனா.

"அங்கப்பா, அசையாத. ஒன் காலுகிட்ட பாம்பு."

"எங்க?" அப்படின்னு துள்ளி எந்திரிச்சான்.

மடமே ஆரவாரம் பண்ணுச்சு. உலகம்மா கை தட்டுனா. ராக்குவும் சிரிச்சா. அங்கப்பன் தரையப் பாத்தான். பாம்பு இல்ல. ராக்குவப் பாத்தான். விரிச்சிருந்த துணிய எடுத்து, நாலா மடிச்சு, கக்கத்துல வச்சுக்கிட்டுப் போனான்.

துப்பாக்கியக் கரி மூட்டைக்கு அடியில சொருகுறப்ப தில்லையாசாரி மொகம் எப்படி இருந்துச்சோ, இவன் மொகமும் அப்படியே இருந்துச்சு. ராக்கு சிரிப்பு நின்னுபோச்சு.

அம்மா அடுப்படியில கீரை கடைஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

"அந்தச் சட்டத்த எடுத்துருங்கம்மா."

"எதுக்கு? நல்லதுக்குப் போட்ட சட்டந்தான."

"நல்லதுக்குத்தான். ஆனா நானே அவன் விரதத்தக் கலச்சுட்டேன்." வாசப்படியிலேயே நின்னா. "பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா."

"தெரியும். எனக்கும் கேட்டுச்சு."

ராக்கு அடுப்பு முன்னால குந்துனா. "கல்லுல எங்க பூவாயி பேரு இருக்கும்மா," அப்படின்னா. "அவளுக்குன்னு இந்தப் பாளையத்துல இருக்குறது அது ஒண்ணுதான்."

"பேரு மேல இருக்கா, கீழ இருக்கா?"

"மேல."

"அப்ப ஆணைய மட்டும் செதுக்கி எடுத்தா உளி அவ மேல படாது."

ராக்கு கண்ணத் தொடச்சுக்கிட்டா. தொடச்ச கையோட நிமிந்தா. வாதாடுற கண்ணு அது, அவ்வளவு லேசுல அடங்காது. "சரி, பாளையக்காரர் கால்ல விழுந்து அத எடுத்தாச்சுன்னே வச்சுக்குவோம். எடுத்துட்டா? தெருவே ஓடி வந்து அந்தத் துப்பாக்கிய வாங்கிருமா? எல்லாரும் மாறிருவாங்களா? சொல்லுங்க."

அம்மா கீரை கடைஞ்ச மத்த வழிச்சு சட்டி ஓரத்துல சாத்துனாங்க.

"எல்லாருமா? அது எனக்குத் தெரியாது. இந்த மடத்துல சட்டம் இல்லாதப்ப ஒருத்தன் பேசாம இருந்தான், அவனப் பாத்து இன்னும் சிலரு உக்கார வந்தாங்க."

ராக்குகிட்ட அதுக்கும் ஒரு பதில் இருந்துச்சு. சொல்லல.